தபால்தலையில் நடந்து வந்தவர்கள்

சென்னை-5
22-11-1971

பாவாயிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

நான் இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்திருக்கிறேன். வேலை தற்காலிகம்தான். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் லட்சக்கணக்கில் வந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய செலவுக்காக இந்த மாதம் பதினைந்தாம் தேதி முதல் ஒவ்வொரு கடிதத்துக்கும் ஐந்து பைசா கூடுதல் வரி. பள்ளிக்கூடத்தோடு அஞ்சலகத்தையும் நடத்துகிற உனக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சண்டையும் வரும் என்கிறார்கள். வந்தால் மேலும் வரி வரும். தன் கையிலிருந்து காசு போனால் ஜனங்கள் போரை ஆதரிப்பார்களா, முகத்தைத் திருப்பிக்கொள்வார்களா என்பதுதான் எங்கள் பேராசிரியரின் கேள்வி. நகரத்தில் விசாரித்து முடித்தாயிற்று. மலைக் கிராமம் ஒன்று வேண்டும் என்றார். என் வாய் சும்மா இருக்காமல் நாரத்தங்காடு என்று சொல்லிவிட்டது.

நாற்பது படிவங்கள் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒன்று. ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன், கருத்து இல்லை என்ற மூன்றில் ஒன்றுக்கு எதிரே குறி போட்டால் போதும். முடிந்தால் செய். முடியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடு. என் பெயரை ஊரில் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
வே. வேலுசாமி,
கள ஆய்வாளர்

நாரத்தங்காடு, ஏற்காடு வழி
30-11-1971

ஏனுங்க கள ஆய்வாளரே,

ஒன்பது மாதம் கழித்து வந்த கடிதத்துக்கு முதல் காரியமாக அபராதம் கட்டினேன். வரியைப் பற்றி இவ்வளவு எழுதியவர் அந்த வரித் தபால்தலையை உறையில் ஒட்ட மறந்துவிட்டீர்கள். ஒட்டாவிட்டால் வாங்குகிறவரிடம் இரட்டிப்பாக, பத்துப் பைசா. வசூலிப்பவளும் நான், வாங்குகிறவளும் நான். ஒண்டிக்கடையிலிருந்து தபால் பை சுமந்து வரும் ஆரோக்கியதாஸ் அண்ணன் பார்த்துக்கொண்டு நிற்க, இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் வாங்கிப் பெட்டியில் போட்டேன். "புருசன் லெட்டருக்கு அபராதம் கட்டுன மொத ஆளு நீங்கதானுங்க டீச்சர்" என்று அவர் சிரித்த சிரிப்பில் பை கீழே விழுந்தது.

கடிதத்தின் அடியில் கள ஆய்வாளரைப் பார்த்தேன். புருஷனையும் தேடினேன். காணோம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஐந்து பைசாவால் ஒரு கலவரமே நடந்தது. புதுத் தபால்தலை இன்னும் அச்சாகவில்லை போலிருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையையே எடுத்து, அதன் மேல் கறுப்பாக ஏதோ எழுத்து அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். அப்பன், ஆத்தா, இரண்டு பிள்ளைகள் என்று அதே படம். அதைப் பார்த்ததும் முத்தாயி அக்கா, "இத ஒட்டுனா ஆபரேசன் பண்ணிருவாங்களா கண்ணு?" என்றாள். மூன்று நாள் ஒருவரும் கடிதம் போட வரவில்லை.

நான்காம் நாள் நானே வீடுவீடாகப் போய்ப் படத்தைக் காட்டினேன். "பாருங்க, இந்த நாலு பேரும் ஊட்டை உட்டுட்டு ஓடி வந்தவங்க. இவங்க சோத்துக்குத்தான் இந்த அஞ்சு பைசா" என்றேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற பழக்கம். சுருக்கமாகச் சொன்னால் புரியும் என்று நினைத்தேன். மிக நன்றாகவே புரிந்துவிட்டது. இப்போது எல்லாரும் அந்த நாலு பேரைப் பற்றியே பேசுகிறார்கள்.

மூடுபனி மத்தியானத்திலேயே இறங்கிவிடுகிறது. நேற்று முத்தாயி அக்கா அஞ்சலக ஜன்னலில் வந்து நின்றாள். கடிதம் எதுவும் இல்லை. "அந்த நாலு பேரும் எங்க வரைக்கும் வந்திருப்பாங்க கண்ணு?" என்று கேட்டாள். இரண்டு பேருமாகப் பனியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நீங்கள் எழுப்பிய நான்கு சுவரும் அப்படியே நிற்கின்றன. கூரை இல்லாததால் பனி தாராளமாக உள்ளே போய் வருகிறது.

பாவாயி

சென்னை-5
8-12-1971

பாவாயிக்கு,

அபராதத்துக்கு மன்னிக்க வேண்டும். இந்த முறை முதல் வேலையாக ஒட்டிவிட்டேன்.

சண்டை வந்துவிட்டது. டீக்கடைகளில் ரேடியோவைச் சுற்றித் தெரு முழுக்க நிற்கிறது. நகைகளைக் கழற்றிக் கொடுக்கிறார்கள். அரை நாள் சம்பளம் கொடுக்கிறார்கள். இப்போது யாரிடம் படிவத்தை நீட்டினாலும் ஆதரிக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். சூடு ஆறின பிறகு கேட்டால்தான் உண்மை தெரியும் என்று நான் சொன்னேன். பேராசிரியர் கேட்டுக்கொள்ளவில்லை.

வரி என்றால் என்ன என்று எனக்குப் பாடம் எடுத்தது உங்கள் ஊர்தான். சேர்வராயன் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி, வீட்டுக்கு இரண்டு ரூபாய். ஊர்க்கவுண்டர் அம்மாசி முன்னால் நான் நீட்டினேன். "வெளியாளுகிட்ட வாங்கற வழக்கமில்லீங்க" என்று அப்படியே திருப்பித் தந்தார். நான் சேலத்தான், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். உன்னைக் கட்டிக்கொண்டாலும் ஊரில் சேர்த்தியில்லை. அன்றைக்குச் சிரித்துக்கொண்டேன். வரி மிச்சம் என்று வேடிக்கையாகவும் பேசினேன். வரி கொடுத்தவன் வீட்டுக் கூரைக்குத்தான் ஊரே சேர்ந்து கைகொடுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அந்தத் தை மாதம் மலைப்புல் கட்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். நீயும் ஆரோக்கியதாஸும் மட்டும் வந்தீர்கள். புல் அங்கேயே மக்கிற்று. அந்தக் காலைப்பொழுது எனக்கு இன்னும் முடியவில்லை, பாவாயி.

கடற்கரைச் சாலையில் நடக்கும்போது சில நாள் அலைச்சாரல் புகைபோல் எழும்பி ரோட்டை மூடும். அதற்குள் நுழைந்து நடந்தால் கொண்டை ஊசி வளைவு வந்துவிடும் என்று தோன்றும். நடப்பேன். பஸ் நிறுத்தம்தான் வரும்.

வேலுசாமி

நாரத்தங்காடு
21-12-1971

ஏனுங்க,

இந்த முறை கையெழுத்தில் கள ஆய்வாளர் இல்லை. அதுவரைக்கும் சந்தோஷம்.

காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருக்கிறது. ஆட்களைச் சாயங்காலத்தில்தான் பிடிக்க முடிகிறது. நாற்பது வீடும் முடித்தேன். முப்பத்தெட்டு ஆதரிக்கிறேன். கருத்து இல்லை ஒன்று, அது தொண்ணூறு வயது மாதம்மாள். எனக்குக் கருத்து இல்லை என்று சொல்லவே அவருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மீதி ஒன்று ஐயாக்கண்ணு. "சோத்துக்குன்னா அஞ்சு பைசா என்ன, பத்துப் பைசாவே தாரேன். சண்டைக்குன்னா ஒரு பைசா தர மாட்டேன். ரெண்டையும் ஒரே கேள்வியில போட்டு ஏன் கேக்கறீங்க டீச்சர்?" என்றான். எதிர்க்கிறேன் என்று போட்டேன். போட்டது தப்பு என்று இன்னும் உறுத்துகிறது.

முப்பத்தெட்டு பேரும் எப்படி ஆதரித்தார்கள் என்பதையும் கேளுங்கள். போன மாதம் வரை இவர்களுக்கு வங்காளமும் தெரியாது, சண்டையும் தெரியாது. ஐந்து பைசா கொடுத்த நாளிலிருந்து பள்ளிக்கூட ரேடியோ முன்னால் இடம் பிடிக்கிறார்கள். "நம்ம நாலு பேருக்காகத்தான் சண்டைங்களா? அப்ப சரிங்க" என்கிறார்கள். நம்ம நாலு பேர்! திருவிழா முடிந்ததும் ஊர்க்கவுண்டர் எல்லாரையும் உட்கார வைத்து வரவு செலவு ஒப்பிப்பார், வரி கொடுத்த யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில் என்னைக் கேட்கிறார்கள். "அவங்க சாப்பிட்டாங்களா? இந்தக் குளிருக்குப் போத்திக்க என்ன குடுத்தாங்க? இதுக்கெல்லாம் எப்ப கணக்கு ஒப்பிப்பாங்க?" இதை எல்லாம் எழுத உங்கள் படிவத்தில் இடமே இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

பதினாறாம் தேதி சண்டை முடிந்த செய்தி கேட்டதும் முத்தாயி அக்கா ஒரு கோரைப்பாய் பின்ன ஆரம்பித்திருக்கிறாள். யாருக்கு என்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பாவாயி

சென்னை-5
6-1-1972

அன்புள்ள பாவாயிக்கு,

பேராசிரியருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. முப்பத்தெட்டு! "வரியால் ஆதரவு குறைவதில்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டார். நீ ஓரத்தில் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "இதையெல்லாம் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?" என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார். அடித்த காகிதத்தை நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் அதே நாற்பது வீட்டிலும் மறுபடி கேட்க வேண்டும். அதுவும் முடிந்தால் என் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் இரண்டு அறை வீடு பார்க்கலாம். ஓடு போட்டது, யாரையும் கூரைக்குக் கூப்பிட வேண்டியதில்லை. நான் சுற்றி வளைக்கவில்லை. நீ இங்கே வருகிறாயா? அந்த ஒன்பது மாதமும் உன்னோடு பேசாமலிருந்தது கோபத்தால் அல்ல, வெட்கத்தால். ஒரு ஊரே வேண்டாம் என்று சொன்ன ஆளாக உன் முன்னால் எப்படி நிற்பது என்று தெரியவில்லை.

உடனே எழுது.

வேலுசாமி

நாரத்தங்காடு
11-2-1972

ஏனுங்க,

உடனே எழுதச் சொன்னீர்கள். ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். காரணம் இருக்கிறது. படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பொங்கல் கழித்துப் புதுத் தபால்தலை வந்தது. இந்த ஐந்து பைசாவுக்கென்றே அச்சடித்தது. பழையதில் நாலு பேரும் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். இதில் மூட்டைமுடிச்சோடு புறப்பட்டு வருகிறார்கள். ஆளும் படமும் வேறு. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. முத்தாயி அக்கா தபால்தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இப்பத்தான் நடக்க ஆரம்பிச்சிருக்காங்க" என்றாள். அதற்குள் ஜன்னலுக்கு வெளியே பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். இது வெறும் படம், அவர்கள் ஆயிரம் மைலுக்கு அப்பால் முகாமில் இருக்கிறார்கள், அவரவர் ஊருக்குத் திரும்பவும் ஆரம்பித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கே அவர்கள் வருவது போலிருந்தது. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வெள்ளையாகப் பனி. அதற்குள் அப்பன் முன்னால், ஆத்தா பின்னால், இடையில் பிள்ளைகள். கண்ணைக் கசக்கினால் மரம், கசக்காவிட்டால் ஆட்கள். நான் கசக்கவில்லை.

இங்கே வழக்கம் உங்களுக்குத் தெரியும். யாருக்காக வரி கொடுத்தார்களோ அவர்கள் ஊரைச் சேர்ந்தவர்கள். ஊரைச் சேர்ந்தவருக்கு வீடு வேண்டும். ஊரில் ஆளில்லாமல் நிற்பது உங்கள் நான்கு சுவர்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். நாற்பது வீட்டு ஆட்களும் புல் கட்டோடு மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அம்மாசிக் கவுண்டர் மூங்கில் சுமந்து வந்தார். ஐயாக்கண்ணு உச்சியில் ஏறி உட்கார்ந்து கட்டினான். மத்தியானத்துக்குள் கூரை முடிந்துவிட்டது. முத்தாயி அக்கா பாயை விரித்துப் பார்த்தாள். நாலு பேருக்குச் சரியாக இருந்தது. எல்லாரும் சாமைச் சோறு சாப்பிட்டார்கள். நான் மட்டும் உள்ளே போய், நீங்கள் அளந்து வைத்த அந்த ஜன்னல் ஓட்டையருகே நின்று அழுதேன். சந்தோஷமா, துக்கமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

சென்னைக்கு வருவதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

பாவாயி

சென்னை-5
19-2-1972

பாவாயி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

நான் இரத்தமும் சதையுமாக அங்கே புல் கட்டோடு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வராத நாற்பது பேர் ஒரு தபால்தலைப் படத்துக்கு வந்திருக்கிறார்கள். அதுவும் என் சுவர் மேல்! நல்லது. படமாகப் பிறந்திருக்கலாம் நான்.

நீ செய்தது சரியில்லை. அந்த ஜனங்களை நீ ஏமாற்றிக்கொண்டிருக்கிறாய். படிவத்தில் விழுந்த முப்பத்தெட்டுக் குறியும் பொய்தான். வரி கொடுத்தும் ஆதரிக்கிறார்கள் என்று இங்கே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறோம், அவர்களோ விருந்தாளிக்குப் பாய் விரித்திருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடு. கூரையைப் பிரித்து எடுத்துப் போனாலும் போகட்டும். அது எனக்கு வேண்டாம். சொல்லிவிட்டு அதன் பிறகு இரண்டாம் முறை படிவத்தை நிரப்பு.

வருகிறாயா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதுவே பதில் என்று எடுத்துக்கொள்கிறேன்.

வேலுசாமி

நாரத்தங்காடு
27-3-1972

ஏனுங்க,

சொல்லிவிட்டேன்.

பள்ளி விட்டதும் எல்லாரையும் வரச் சொல்லி, தபால்தலையைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். இவர்கள் வர மாட்டார்கள், வருவதாக இருந்ததே இல்லை, பெரும்பாலானவர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள், நான்தான் முதலில் தப்பாகச் சொன்னேன், பிறகு திருத்தாமலும் விட்டேன் என்றேன். முத்தாயி அக்கா மட்டும், "பாயி பின்னி வெச்சனே சாமி" என்றாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள். பத்து நாள் என்னோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைகள்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் பாடம் ஒப்பித்தார்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த அந்தக் காலைப்பொழுது எப்படி இருந்திருக்கும் என்று அந்தப் பத்து நாளில் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு உங்களோடு நானும் புறப்பட்டிருக்க வேண்டும், அல்லது உங்களைப் போக விட்டிருக்கக் கூடாது. இரண்டையும் செய்யாமல் நின்றேன்.

படிவம் எடுத்துக்கொண்டு மறுபடி வீடுவீடாகப் போனேன். இந்த முறை இருபத்தொன்பது எதிர்க்கிறேன். "வந்தவங்க போயிட்டாங்க, சண்டையும் முடிஞ்சுது. இன்னும் ஒட்டச் சொன்னா எப்படிங்க? கணக்கு ஒப்பிக்காம அடுத்த வரி கேக்கற கவுண்டன எந்த ஊர்ல ஒத்துக்குவாங்க?" என்றான் ஐயாக்கண்ணு. ஐந்து பைசா யாருக்கும் கனக்கவில்லை. ஒருவரும் தங்களுக்குப் பதில் சொல்லவில்லை என்பதுதான் கனக்கிறது. உங்கள் பேராசிரியரிடம் சொல்லுங்கள், எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளட்டும்.

இனிமேல்தான் முக்கியமானது. நேற்று அம்மாசிக் கவுண்டர் மேட்டு வீட்டுக்கு வந்தார். கோடை மழை ஒன்று பெய்து, காப்பி பூத்து மலையே வெள்ளையாக இருக்கிறது. நான் அந்த வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கூரையைப் பிரிக்க வந்தார் என்றே நினைத்தேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"வைகாசித் திருவிழாவுக்கு இந்த ஊட்டுக்கும் வரி போட்டிருக்குது கண்ணு. ரெண்டு ரூவா."

"இது ஆளில்லாத ஊடுங்களே" என்றேன்.

அவர் கூரையின் விளிம்புப் புல்லை ஒரு கையால் நீவிவிட்டார். "ஊட்ட உட்டுட்டு எங்கியோ போய்க் கெடக்கறவங்களுக்குன்னுதானே இந்தக் கூரையப் போட்டோம்? அப்படி ஒருத்தரு நம்மூர்லருந்தும் போயிருக்காரு. அவரு தானாப் போவுல. நாங்கதான் போக வெச்சோம். அதுவே எங்களுக்கு இத்தன நாளாத் தெரியில கண்ணு. அந்த அஞ்சு பைசாக் குடும்பத்தப் பத்திப் பேசிப் பேசித்தான் நெனப்பு வந்துது."

நான் ஓடிப்போய் இரண்டு ரூபாய் எடுத்து வந்தேன். அவர் வாங்கவில்லை. "உங்கிட்ட வாங்க முடியாது. அன்னைக்கு யாருகிட்டத் திருப்பிக் குடுத்தனோ, அந்தக் கையிலருந்துதான் வாங்கோணும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

முத்தாயி அக்கா சாயங்காலம் வந்து பாயைத் திரும்ப விரித்துவிட்டுப் போனாள்.

சென்னைக்கு நான் வரவில்லை. இதுதான் பதில். நான் இல்லாமல் நீங்கள் அங்கே இருக்க வேண்டாம் என்பதும் பதிலில் சேர்த்தி. எனக்கு நீங்கள் வேண்டும். எழுதிவிட்டேன், இனி அடித்துத் திருத்த மாட்டேன்.

பாவாயி

சென்னை-5
10-5-1972

என் பாவாயிக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆறு வாரம் நடந்தேன். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் அம்மாசிக் கவுண்டர் எதிரே நின்றார். அவர் மேல் எனக்கிருந்த கோபத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் பார்த்தேன். இருந்த இடத்தில் இல்லை.

இரண்டாவது அறிக்கை முடிந்துவிட்டது. "வரி நீடித்தால் ஆதரவு குறையும்" என்று இந்த முறை கொட்டை எழுத்து. காசால் குறையவில்லை ஐயா, கணக்கு ஒப்பிக்காததால் குறைந்தது என்றேன். அதற்கு ஆதாரம் எங்கே என்றார். நாற்பது வீடு என்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். நிரந்தர உத்தரவு நேற்று வந்தது. படித்து, மடித்து, அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். எஸ்டேட்டில் பழைய ரைட்டர் வேலை இருக்குமா தெரியாது. இல்லாவிட்டால் ஆரோக்கியதாஸோடு பை தூக்குகிறேன்.

இந்தக் கடிதத்தில் ஐந்து பைசாத் தபால்தலை ஒட்டவில்லை. இந்த முறை மறதி இல்லை. பத்துப் பைசா கட்டாமல் நீ இதைப் பிரிக்கக் கூடாது. வாங்குகிறவர் கட்டும்வரை சில நாள் அஞ்சலகத்தில் வைத்திருக்கலாம் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். இதை நீ பிரித்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பத்துப் பைசாவை உன் இந்தக் கையால் அந்தக் கைக்குக் கொடுத்துவிடாதே. இந்தத் தடவை நான் கட்டுகிறேன்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சேலத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறுவேன். ஒண்டிக்கடையில் இறங்கி நடந்துதான் வருவேன், பையும் பெட்டியுமாக. பனி இருந்தால் ஜன்னலில் நின்று பார். கண்ணைக் கசக்கிப் பார்த்தாலும் ஆளாகவே இருப்பேன்.

உனக்குப் பத்துப் பைசா, கவுண்டருக்கு இரண்டு ரூபாய். இரண்டையும் சில்லறையாக எடுத்து வைத்துவிட்டேன்.

உன் புருஷன்,
வேலுசாமி